37 மில்லிமீட்டர்: ஒரு ஏர் சஸ்பென்ஷன் பேருந்தின் உயரத்தைச் சரிசெய்த அனுபவம்

மதுரையிலிருந்து சென்னைக்கு இரவில் ஓடும் எங்கள் ஆம்னி பஸ் ஒன்றில், வேகம் 65 கிலோமீட்டரைத் தாண்டியதும் பின்பக்கத் தரை வழியாக ஓர் அதிர்வு கிளம்புகிறது என்று ஓட்டுநர் அண்ணன் முதன்முதலில் சொன்னது 2022 ஜூன் மாதத்தில். "தம்பி, பின்னாடி தரை நடுங்குது. கடைசி சீட்டுல உக்காந்து செருப்பைக் கழட்டிட்டு கால் வச்சுப் பாருங்க, உள்ளங்காலுக்கே தெரியும்" என்றார். அவர் சொன்னபடியே மேலூர் வரை கடைசி இருக்கையில் வெறுங்காலுடன் உட்கார்ந்து போனேன். 60 வரை ஒன்றும் இல்லை. 65-இல் தொடங்கியது, 72-இல் உச்சத்துக்குப் போனது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பாதியாகக் குறைந்தது. சக்கரத்தில் கோளாறு என்றால் காலை எடுத்தாலும் அது அப்படியே தொடர வேண்டும். ஆகவே சந்தேகம் நேராக, கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்சக்கரங்களின் அச்சுக்கு (ஆக்சில்) கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மேல் விழுந்தது.

அடுத்த மூன்று வாரங்களில் நாங்கள் செய்த வேலைகளை இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் யூ.ஜே. கிராஸ் (ஷாஃப்ட் சாய்வாகவும் சுழல உதவும் சிலுவை வடிவ மூட்டு) மாற்றினோம். ஷாஃப்ட்டைக் கழற்றி பேலன்ஸ் பார்த்தோம். எஞ்சின் மவுண்டிங் ரப்பர்களை மாற்றினோம். பின்சக்கரங்களை இடம் மாற்றிப் போட்டோம். ரூ.40,000-க்கு மேல் செலவான பிறகும் அதிர்வு சிறிதும் குறையவில்லை. இரண்டாவது முறை மாற்றிய கிராஸ், ஆறு வாரம்கூட நிறையாத நிலையில் ஊசி பேரிங்குகளில் தேய்மானத் தடத்துடன் கழன்று வந்தபோதுதான், கிராஸ் கெட்டுப்போவது அதிர்வுக்குக் காரணம் அல்ல, வேறு ஏதோ ஒன்று அதிர்வையும் உண்டாக்கிக் கிராஸையும் கெடுக்கிறது என்பது உறைத்தது. எங்கள் பணிமனையின் மூத்த மேஸ்திரி அன்று குழிக்குள் நின்றபடி ஷாஃப்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது இவ்வளவு சரிஞ்சு நிக்காதே" என்றார். அதற்குப் பிறகுதான் பேருந்தின் உயரத்தை அளக்க வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு வந்தது.

ஏர் சஸ்பென்ஷன், அதாவது காற்றுப்பைகளின் மேல் நிற்கும் அமைப்பு உள்ள வண்டியில் சேசிஸுக்கும் (அடிச்சட்டம்) ஆக்சிலுக்கும் இடையில் இருக்க வேண்டிய தூரத்தைத் தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்திருப்பார். இதைத்தான் ரைடு ஹைட் என்கிறார்கள். ஸ்பிரிங் பட்டை உள்ள வண்டியில் இந்தத் தூரம் சுமையைப் பொறுத்துக் கூடும், குறையும்; பட்டை தளர்ந்தால் நிரந்தரமாகத் தாழும். ஏர் சஸ்பென்ஷனில் அப்படி இல்லை. காலியாக நின்றாலும், எல்லாப் படுக்கைகளிலும் ஆள் ஏறி அடியில் சரக்குப் பெட்டி நிறைந்திருந்தாலும், அந்தத் தூரம் மாறவே கூடாது. 2001-இல் வால்வோவின் பி7ஆர் பேருந்துகள் தென்னிந்திய நெடுஞ்சாலைகளுக்கு வந்தபோது பயணிகள் முதலில் உணர்ந்து பேசியது இந்தச் சீரான மிதப்பைத்தான். அந்த மிதப்புக்குக் காரணம் காற்றுப்பை மட்டும் அல்ல, வண்டியை எப்போதும் ஒரே உயரத்தில் நிறுத்தி வைக்கும் லெவலிங் வால்வும்தான்.

அந்த வால்வு கையடக்கமான ஒரு சாதனம். சேசிஸில் பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு லீவர் நீட்டிக்கொண்டிருக்கும். லீவரின் நுனியை ஒரு லிங்க் ராட் ஆக்சிலோடு இணைக்கும். சுமை ஏறிச் சேசிஸ் தாழ்ந்தால் லிங்க் ராட் லீவரை மேலே தள்ளும், வால்வு திறந்து பெல்லோ எனப்படும் காற்றுப்பைக்குள் காற்று போகும், சேசிஸ் எழும்பும், லீவர் மட்டத்துக்கு வந்ததும் வால்வு மூடிக்கொள்ளும். சுமை இறங்கினால் இதற்கு நேர்மாறாகக் காற்று வெளியேறும். ஆகவே லிங்க் ராட்டின் நீளம்தான் வண்டியின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. ராட்டை 10 மி.மீ. நீட்டினால் வண்டி 10 மி.மீ. எழும்பி நிற்கும். ஒரு ஸ்பேனரால் இரண்டு நிமிடத்தில் செய்துவிடக்கூடிய வேலை என்பதால்தான் இதில் இவ்வளவு தவறுகள் நடக்கின்றன.

"பலூனில் எவ்வளவு காற்று அடிக்க வேண்டும்?" என்ற கேள்வியை இன்றும் ஓட்டுநர்களிடமும் சில மெக்கானிக்குகளிடமும் கேட்கிறேன். டயருக்குப் பழகிய மனம் அப்படித்தான் கேட்கும். ஆனால் பெல்லோவில் இருக்கும் அழுத்தத்தை நாம் வைப்பதில்லை, சுமைதான் வைக்கிறது. எங்கள் பேருந்தின் பின் ஆக்சிலில் நான்கு பெல்லோக்கள் உண்டு. காலி வண்டியில் கேஜ் வைத்துப் பார்த்தபோது 3.3 பார் காட்டியது. முழுச் சுமையில் 5 பாருக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. இரண்டு நேரத்திலும் உயரம் ஒன்றே. ஆகவே அழுத்தத்தைப் பார்த்து உயரத்தைச் சொல்ல முடியாது. கையில் எடுக்க வேண்டியது அளவுகோலைத்தான்.

அளப்பதற்கு முன் தரையைச் சரிபார்க்கச் சொன்னவர் மேஸ்திரிதான். தண்ணீர் வடிவதற்காக எங்கள் பணிமனைத் தளம் ஒரு பக்கம் சாய்த்துப் போடப்பட்டது. அந்தச் சாய்வு பின்சக்கரங்கள் நிற்கும் இடத்தில் ஒரு மாதிரியும், முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தில் வேறு மாதிரியும் இருந்தால், வண்டியின் உடல் முறுக்கிக்கொண்டு நிற்கும், அளவுகள் பொய்யாகும். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி நான்கு சக்கர இடங்களையும் ஒப்பிட்டோம். முன்பக்க இடது மூலை 14 மி.மீ. தாழ்ந்திருந்தது. அந்தச் சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடுகளை அடுக்கி மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். இந்த ஒரு மணி நேர வேலையை வீண் என்று நினைத்த இளைஞர்கள், பிறகு அளவுகள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருவதைக் கண்டபோது மனம் மாறினார்கள்.

அடுத்து, எந்த இடத்தில் அளப்பது என்பது. அந்த மாடலின் சர்வீஸ் புத்தகம் பின்பக்கத்துக்குச் சேசிஸ் ரெயிலின் அடிவிளிம்பிலிருந்து ஆக்சில் இருக்கையின் மேற்பரப்பு வரை 265 மி.மீ. என்றும், 5 மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் குறிப்பிட்டிருந்தது. அளக்கும் புள்ளிகளில் பல வருடச் சேறும் கிரீஸும் கல்லாக இறுகியிருந்தன. அவற்றைச் சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இரும்பு தெரிந்த பிறகுதான் ஸ்டீல் ஸ்கேலை வைத்தோம். வலப்பக்கம் 289. இடப்பக்கம் 302. மேஸ்திரி ஸ்கேலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் 302. இருக்க வேண்டியதைவிட 37 மி.மீ. அதிகம்.

இந்த 37 மில்லிமீட்டர் எப்படி வந்தது என்பதை வண்டியின் பழைய பில்களையும் ஓட்டுநர்களின் நினைவையும் வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். நான்கு மாதங்களுக்கு முன், காலையில் பேருந்தை எடுக்க வரும்போது இடது பின்மூலை தாழ்ந்திருப்பதாக ஓர் ஓட்டுநர் புகார் செய்திருக்கிறார். வெளியூரில் ஒரு பணிமனையில் காட்டியபோது, தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, இடப்பக்கம் குறைவாக இருக்கிறது என்று முடிவு செய்து, இடது லிங்க் ராட்டை நீட்டிவிட்டார்கள். பிறகு வலப்பக்கம் தாழ்ந்து தெரிந்ததால் அதையும் கொஞ்சம் நீட்டினார்கள். இரண்டு தவறுகள் இதில் ஒன்றின் மேல் ஒன்றாக அமர்ந்திருந்தன.

முதல் தவறு தரையிலிருந்து அளந்தது. அன்று இடப்பக்கத்தில் இருந்தவை நன்றாகத் தேய்ந்த டயர்கள், வலப்பக்கத்தில் இருந்தவை புதியவை. 295/80 ஆர்22.5 அளவுள்ள டயரில் புதியதற்கும் தேய்ந்ததற்கும் ஆரத்தில் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும். காற்றும் குறைந்திருந்தால் இன்னும் கூடும். லெவலிங் வால்வுக்கு டயர் எதுவும் தெரியாது, ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் உள்ள தூரம் மட்டுமே தெரியும். டயரால் வந்த வித்தியாசத்தை வால்வைத் திருகிச் சரிக்கட்டினால், கண்ணுக்கு வண்டி மட்டமாகத் தெரியும், ஆனால் சஸ்பென்ஷன் முழுவதும் தன் இடத்திலிருந்து விலகி வேலை செய்யும். மட்கார்டு என்பது பாடி கட்டுபவர் பொருத்தியது. அது எத்தனை மில்லிமீட்டர் ஏறி இறங்கிப் பொருத்தப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது. காரிலும் இதே நியாயம்தான். ஏர் சஸ்பென்ஷன் உள்ள பெரும்பாலான கார்களில் சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர்மேலே உள்ள ஆர்ச் விளிம்பு வரைதான் அளக்கச் சொல்வார்கள், தரையிலிருந்து அல்ல.

இரண்டாவது தவறு இன்னும் பெரியது. இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் ஒரு மூலை தாழ்ந்திருந்தால் அது கசிவு, உயர அமைப்புக் கோளாறு அல்ல. எஞ்சின் ஓடிக் காற்று ஏறியதும் அந்த மூலை எழும்பித் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது என்றால், லிங்க் ராட் சரியான நீளத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். இரவுக் குளிரில் காற்று சுருங்குவதால் எல்லா மூலைகளும் ஒரே அளவில் சிறிது தாழலாம். ஒரு மூலை மட்டும் தாழ்ந்தால் சோப்புத் தண்ணீரை எடுக்க வேண்டும். நாங்கள் எடுத்தோம். இடது பின்பக்கம் உள்ள இரண்டு பெல்லோக்களில் ஒன்றின் மடிப்பில், ரப்பரை விரலால் விரித்துப் பார்த்தால் மட்டும் தெரியும் மெல்லிய வெடிப்பு ஒன்று இருந்தது. அதன் மேல் பூசிய சோப்பு நுரையில் கடுகு அளவுக் குமிழ் ஒன்று எழுந்து, உடைந்து, மீண்டும் எழுந்தது. நான்கு மாதங்களாக அந்த வெடிப்பு அங்கேயே இருந்திருக்கிறது. பெல்லோ தன் அளவுக்கு மேல் நீண்டு நின்றதால் வளர்ந்துமிருக்கலாம். பெல்லோவை மாற்றிய பிறகே உயரத்தில் கை வைத்தோம். கசிவு இருக்கும்போது உயரத்தை அமைத்தால் அந்த அளவு ஒரு வாரம்கூட நிற்காது.

வேலை முறையைச் சொல்வதற்கு முன் ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு அடியில், சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் இடையில் எதையும் கொடுக்காமல் தலையையோ கையையோ நீட்டவே கூடாது. நாங்கள் வால்வின் லிங்க் ராட்டைக் கழற்றிய கணத்தில், உதவிக்கு நின்ற தம்பியின் முழங்கை லீவரில் பட்டு அது கீழே சாய்ந்தது. காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. மூச்சை இழுத்து விடுவதற்குள் சேசிஸ் இறங்கி நாங்கள் வைத்திருந்த மரக்கட்டையில் உட்கார்ந்தது. கட்டை இல்லாதிருந்தால் சேசிஸ் மேற்கொண்டு இறங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் வரை, இன்னும் 45 மி.மீ. இறங்கியிருக்கும். ஆக்சிலின் மேல் யாரோ மறந்து வைத்த 19-ஆம் நம்பர் ஸ்பேனர் அந்த இடைவெளியில்தான் கிடந்தது. அந்த இடத்தில் ஒரு கை இருந்திருக்கலாம் என்பதை அன்று அங்கு நின்ற யாரும் மறக்கவில்லை. எங்கள் கட்டைகள் வாகை மரத்தில் 230 மி.மீ. உயரத்துக்கு வெட்டப்பட்டவை. அமைக்க வேண்டிய உயரத்தைவிட 35 மி.மீ. குறைவு என்பதால், வண்டி ஏறி இறங்கி நிலைகொள்ள இடமும் இருக்கிறது, ஒரு கட்டத்துக்குக் கீழே விழவும் முடியாது.

எங்கள் பேருந்தில் மூன்று லெவலிங் வால்வுகள் உண்டு. பின் ஆக்சிலுக்கு இடமும் வலமும் ஒவ்வொன்று, முன் ஆக்சிலுக்கு நடுவில் ஒன்று. நான்கு மூலைக்கு நான்கு வால்வு வைத்தால் இன்னும் துல்லியமாக இருக்காதா என்று நானே ஒரு காலத்தில் நினைத்தேன். நான்கு கால் மேசையின் ஒரு கால் குட்டையாக இருந்தால் அது ஆடும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நான்கு வால்வுகளும் நான்கு உயரங்களைப் பிடித்து நிறுத்த முயன்றால் ஒன்று ஏற்றுவதை மற்றொன்று இறக்கும், எதிரெதிர் மூலைகளில் சுமை ஏறி உடல் முறுக்கும். முன்பக்கத்து ஒரே வால்வு இரண்டு பெல்லோக்களுக்கும் சமமாகக் காற்றைக் கொடுப்பதால், முன்பக்கத்தால் வண்டியின் சாய்வைத் திருத்த முடியாது. சாய்வைத் தீர்மானிப்பவை பின்பக்கத்து இரண்டு வால்வுகளே. இது தெரியாமல், முன்னால் இடப்பக்கம் தாழ்ந்து தெரிகிறது என்று முன் லிங்க் ராட்டைத் திருகுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் முன்பக்கம் முழுவதும் எழும்புமே தவிரச் சாய்வு போகாது. ஆகவே இரண்டு வால்வு உள்ள ஆக்சிலை முதலில் முடித்துவிட்டுத்தான் மற்றதற்கு வர வேண்டும்.

வண்டியைக் காலி செய்தோம். எல்லா டயர்களிலும் காற்றைச் சரிபார்த்தோம். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விடுவித்தோம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆக்சில் மேலும் கீழும் போகும்போது அதைச் சேசிஸோடு பிணைக்கும் டார்க் ராடுகளின் பிடியில் ஒரு வில்லைப் போல வளைந்து நகரும். அதோடு சக்கரமும் இம்மியளவு உருள வேண்டும். பிரேக் பிடித்திருந்தால் உருள முடியாமல் ரப்பர் புஷ்கள் இறுகி, அவையே வண்டியைச் சில மில்லிமீட்டர் தூக்கியோ இழுத்தோ பிடித்துக்கொள்ளும். காற்றுத் தொட்டியில் அழுத்தம் முழுமையாக ஏறி கவர்னர் கட்டாகும் வரை, அதாவது காற்று ஏறுவது தானாக நிற்கும் வரை, எஞ்சினை ஓட்டினோம். தொட்டியில் போதிய காற்று இல்லாத வண்டியில் பிரேக்குக்கே முதல் பங்கு போகும், சஸ்பென்ஷனுக்கு வந்து சேர வேண்டிய காற்று வராது, அந்த நிலையில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

இடது லிங்க் ராட்டின் லாக் நட்டைத் தளர்த்தி, 37 மி.மீ. குறைத்தோம். வண்டி இறங்கி நின்றது. அளந்தால் 269. 4 மி.மீ. அதிகம், அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான் இருக்கிறது, இதோடு விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. மேஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை. லீவரைக் கையால் கீழே அழுத்திக் காற்றை வெளியேற்றி, வண்டியை மரக்கட்டைக்குச் சற்று மேல் வரை இறக்கி, லீவரை விட்டார். வண்டி தானாக எழும்பி நின்றது. அளந்தால் 263. அதே ராட், அதே வால்வு, ஆனால் மேலிருந்து வந்து நின்றபோது ஓர் அளவு, கீழிருந்து வந்து நின்றபோது 6 மி.மீ. குறைவான வேறோர் அளவு. சாலையின் ஒவ்வொரு சிறு குலுங்கலுக்கும் காற்றை வீணாக்காமல் இருப்பதற்காக, நடுநிலையின் இரு பக்கமும் ஒன்றும் செய்யாத ஒரு சிறு இடைவெளி வால்வுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. மேலிருந்து வந்தால் அந்த இடைவெளியின் மேல் விளிம்பிலும், கீழிருந்து வந்தால் கீழ் விளிம்பிலும் வண்டி நின்றுவிடுகிறது. அன்று முதல் எங்கள் பணிமனையில் எப்போதும் வண்டியை இறக்கி, தானாக எழும்ப விட்டு, இரண்டு நிமிடம் பொறுத்த பிறகுதான் அளக்கிறோம். ஒரே திசையிலிருந்து அணுகினால்தான் இன்றைய அளவையும் ஆறு மாதத்துக்குப் பிந்தைய அளவையும் ஒப்பிட முடியும்.

வலப்பக்கத்தை 24 மி.மீ. குறைத்ததும் இடப்பக்கம் 263-இலிருந்து 266 ஆனது. இரு பக்கங்களையும் ஸ்டெபிலைசர் பார் இணைத்திருப்பதால் ஒன்றை அசைத்தால் மற்றொன்று அசையாமல் இருக்காது. மூன்று முறை மாறி மாறித் திருத்திய பிறகு இடம் 264, வலம் 265 என்று நிலைகொண்டது. முன்பக்கம் ஏற்கெனவே எல்லைக்குள் இருந்ததால் அதைத் தொடவில்லை.

இதற்குப் பிறகு செய்த ஒரு வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மெக்கானிக்குகளும் இதைத் தவறவிடுகிறார்கள். டார்க் ராடுகளின் முனைகளிலும் ஷாக் அப்சார்பர்களின் கண்களிலும் உள்ள ரப்பர் புஷ்கள், போல்ட்டை இறுக்கிய நேரத்தில் வண்டி எந்த உயரத்தில் நின்றதோ அந்த உயரத்தைத் தங்கள் இயல்பு நிலையாக எடுத்துக்கொள்ளும். 37 மி.மீ. கூடுதல் உயரத்தில் இறுக்கப்பட்ட புஷ், வண்டி தாழ்ந்த பிறகு எந்நேரமும் முறுக்கப்பட்ட நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். ஆகவே அந்தப் போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுத் தளர்த்தி, சரியான உயரத்தில் நிற்கும்போதே குறிப்பிட்ட முறுக்கத்துக்கு மீண்டும் இறுக்கினோம். தளர்த்தும்போது சில புஷ்கள் 'டக்' என்று சத்தமிட்டுத் திரும்பியதைக் கேட்க முடிந்தது. இடது ஷாக் அப்சார்பர்களில் ஒன்றின் மேல் புஷ் ஏற்கெனவே பாதி கிழிந்திருந்தது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது பின்னால் கேட்கும் 'டொக்' சத்தத்துக்கு அதுதான் காரணம். வண்டி தூக்கி நின்றதால் ஷாக் அப்சார்பர் நீள்வதற்கு மிச்சம் வைத்திருந்த தூரம் குறைந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் தன் கடைசி எல்லையில் போய் அடித்திருக்கிறது.

இனி அதிர்வுக்கு வருகிறேன். எங்களுடையது எஞ்சின் பின்னால் உள்ள பேருந்து. கியர்பாக்ஸ் சேசிஸோடு எழும்பும், ஆக்சில் எழும்பாது, நடுவில் உள்ள ஷாஃப்ட்டின் நீளம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இடம் 37, வலம் 24 என்றால் நடுவில் சராசரியாக 30 மி.மீ. உயர்வு. இவ்வளவு குட்டையான ஷாஃப்ட்டில் அது ஏறத்தாழ 2 டிகிரிச் சரிவைக் கூட்டிவிடும். எஞ்சின் முன்னால் உள்ள வண்டியின் நீண்ட ஷாஃப்ட்டில் இதே 30 மி.மீ. அரை டிகிரியைச் சற்றே தாண்டும், பலருக்கு அது தெரியாமலேயே போய்விடும். யூ.ஜே. வழியாகச் சாய்வாகச் சுழலும் ஷாஃப்ட், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். சாய்வு கூடக் கூட இந்த ஏற்ற இறக்கமும் கூடும். அதுதான் தரை வழியாகப் பயணிகளின் உள்ளங்காலுக்கு வந்து சேர்ந்தது, அதுதான் புதிய கிராஸ்களையும் தின்றது. அன்று மாலையே ரிங் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். 65, 70, 75 என்று வேகம் ஏறியது. கடைசி இருக்கையில் நான் மறுபடியும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். தரை அமைதியாக இருந்தது. ஓட்டுநர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அன்றிரவே வண்டியைத் தடத்தில் அனுப்ப நினைத்தபோது, அவரேதான் நிறுத்தினார். "ஹெட்லைட்டைப் பாருங்க தம்பி, மேல போகுது" என்றார். நான்கு மாதங்களுக்கு முன் பின்பக்கம் எழும்பியபோது முன்விளக்குகளின் ஒளி தொலைவுக்குப் போகாமல் வண்டிக்கு அருகிலேயே விழுந்திருக்கிறது, ஓட்டுநர்கள் அதை உயர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 6 மீட்டர் சக்கர இடைவெளியில் பின்பக்கம் 30 மி.மீ. இறங்கினால், 50 மீட்டர் தொலைவில் ஒளிக்கற்றை கால் மீட்டர் மேலே ஏறிவிடும். எதிரே வரும் இருசக்கர வாகன ஓட்டியின் கண்ணில் அது நேராக விழும். உயரத்தை எவ்வளவு சிறிதாக மாற்றினாலும் விளக்குகளையும் அதே நாளில் சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பதை நாங்கள் கற்றது ஓர் ஓட்டுநரிடமிருந்துதான்.

சுமையுடன் உயரம் நிற்கிறதா என்பதை மறுநாள் சோதித்தோம். பணிமனையில் இருந்த 18 பேரைப் பின்பக்க இருக்கைகளில் உட்காரச் சொன்னோம். எல்லோரும் உட்கார்ந்ததும் சேசிஸ் 11 மி.மீ. தாழ்ந்தது. சில விநாடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வால்வு மெல்லச் சீறியது, வண்டி ஊர்ந்து எழும்பியது, இடப்பக்க ஸ்கேல் 264-இல் வந்து நின்றது. அவர்கள் இறங்கியபோது எழும்பிய வண்டி காற்றை விட்டு 268-க்குத் திரும்பியது, முந்தைய நாள் மேலிருந்து வந்து நின்றதைப் போலவே.

இப்போது எங்களிடம் உள்ள புதிய பேருந்து ஒன்றில் லிங்க் ராட்டின் நுனியில் வால்வுக்குப் பதிலாக ஒரு சென்சார் இருக்கிறது. உயரத்தைக் கணினி பார்த்துக்கொள்கிறது. 2024-இல் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் இறக்கிய தாழ்தளப் பேருந்துகள் நிறுத்தத்தில் படிக்கட்டுப் பக்கம் தாழ்ந்து நிற்பதும் ஏர் சஸ்பென்ஷனால்தான். இந்த வகை வண்டியில் ராட்டைத் திருகும் வேலை இல்லை. வண்டியைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, ஸ்கேனர் வழியாக 'இதுதான் இயல்பான உயரம்' என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பிறகு மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் அதேபோலக் கற்றுக்கொடுக்க வேண்டும். வண்டியை அந்த உயரத்தில் நிறுத்த, துல்லியமாக வெட்டிய கட்டைகளின் மேல் சேசிஸை உட்காரவைப்பதே நம்பகமான வழி. வேலை எளிதாகத் தெரிந்தாலும் இதிலும் சிக்கிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. கல் அடித்துச் சென்சாரின் லீவர் வளைந்திருந்ததைக் கவனிக்காமல், அந்த நிலையிலேயே கணினிக்கு உயரத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டோம். இயல்பு உயரத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. வேகத்தடை தாண்டுவதற்காக வண்டியை உயர்த்தியபோது மட்டும் சென்சார் தன் அளவெல்லையைத் தாண்டிப் பழுது விளக்கு எரிந்தது. அந்த லீவரை மாற்றி, முதலிலிருந்து மறுபடியும் கற்றுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஸ்கேனரை இணைப்பதற்கு முன் எல்லாச் சென்சார்களையும் கையால் தொட்டு, லீவர் வளைந்திருக்கிறதா, மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் அதன் பிறகு வந்தது.

அதிர்ந்த பேருந்து இன்றும் ஓடுகிறது. பெல்லோ, டார்க் ராட் புஷ், ஷாக் அப்சார்பர், லெவலிங் வால்வு ஆகியவற்றில் எதைக் கழற்றி மாட்டினாலும் உயரத்தை மறுபடி அளக்கிறோம். மாட்டிய அன்றும், ரப்பர் பழகிக்கொள்ள ஒரு வாரம் விட்டு மீண்டும் ஒரு முறையும். ஓட்டுநர் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் இடம், வலம், முன் என்று மூன்று பத்திகளும் தேதியும் இருக்கின்றன. வெளியூரில் வண்டி எந்தப் பணிமனைக்குப் போனாலும், லிங்க் ராட்டைத் தொடுவதற்கு முன் அந்த அட்டையைக் காட்டச் சொல்லி ஓட்டுநர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வாகைக் கட்டைகள் நான்கும் குழிக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயின்ட்டில் 230 என்று மேஸ்திரி தன் கையால் எழுதியிருக்கிறார்.